கையைப் பிழிந்தாளாம்!

சென்ற மாதம் ஒரு மொழிபெயர்ப்பு நாவல் என் கைக்கு வந்தது. மேனாட்டுக் கதை. மொழிபெயர்த்தவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. நல்ல மனிதர், எனக்கு வேண்டியவர். புத்தகத்தை அத்தைக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அத்தைக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. கண் மங்கிவிட்டது, காது மட்டும் பாம்புக் காது. கோவில்பட்டிக்குக் கிழக்கே எங்கள் கிராமத்து வீட்டுத் திண்ணையில், வெயில் இறங்குகிற வரைக்கும் இதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் பொழுதுபோக்கு.

கதாநாயகிக்குத் தந்தி வருகிறது. கணவன் போன கப்பல் முழுகிவிட்டது. படித்தேன்: "தாங்க முடியாத துக்கத்தில் அவள் தன் கைகளைப் பிழிந்தாள்."

"நிறுத்து மருமகனே" என்றாள் அத்தை. "அவ கை என்ன, நனைஞ்ச சேலையா? பிழிஞ்சதிலே எம்புட்டுத் தண்ணி வந்துச்சுன்னு எழுதியிருக்கா?"

"அதில்லை அத்தை. அவர்கள் ஊரில் துக்கம் வந்தால் அப்படிச் செய்வார்களாம்."

"எந்த ஊரிலேயும் துக்கத்திலே கையைப் பிசைவாக. பிழிவாகளா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஏனென்றால் அந்த வாக்கியத்தை நான் தடங்கல் இல்லாமல் படித்துக்கொண்டு போயிருந்தேன். பள்ளிக்கூடத்தின் நிழல்கூடப் படாத அத்தைதான் தடுத்து நிறுத்தினாள்.

பிற்பாடு நண்பரைச் சந்தித்தபோது விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பரிதாபமாக என்னைப் பார்த்தார். "என்ன ஸார் செய்வது? இங்கிலீஷிலே ட்விஸ்ட் இருக்கிறது, ஸ்க்வீஸ் இருக்கிறது, டபிள்யூவில் ஆரம்பிக்கிற ரிங் இருக்கிறது, ரெஞ்ச் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நுட்பமான வித்தியாசம். நம்மிடம் இருப்பதோ பிழி, முறுக்கு என்று இரண்டே இரண்டு. அதை வைத்துக்கொண்டு ஒப்பேற்ற வேண்டியிருக்கிறது" என்றார்.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தப் பரிதாபப் பார்வைதான். தமிழில் தவறு செய்கிறவரை மன்னித்துவிடலாம். தவறு செய்துவிட்டு, "தமிழே அவ்வளவுதான்" என்று பழியைப் பாஷையின் மேல் போடுகிறவரை எப்படி மன்னிப்பது?

முதலில் இங்கிலீஷுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். நண்பர் சொன்ன வித்தியாசங்கள் வாஸ்தவமானவை. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையைத் திருப்பினால் அது ட்விஸ்ட். எதுவும் வெளியே வர வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் அழுத்தினால் ஸ்க்வீஸ். எலுமிச்சம்பழத்தையும் அப்படி அழுத்தலாம், சிநேகிதன் கையையும் அழுத்தலாம். முறுக்கி, உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே கொண்டுவந்தால் அதுதான் நண்பரைத் தடுக்கிவிட்ட ரிங். துணிக்கும் அதே சொல், கோழிக் கழுத்துக்கும் அதே சொல், துக்கத்தில் தவிக்கும் கைக்கும் அதே சொல். வெடுக்கென்று பலமாகத் திருகி இழுத்தால் ரெஞ்ச். மூட்டுக்கும் அதைச் சொல்வார்கள். மரை கழற்றுகிற சாவிக்கும் அதுவே பெயர்.

இந்த ரிங் என்ற சொல்லுக்கு ஒரு வம்சமே இருக்கிறது. மணிக்கட்டைக் குறிக்கும் ரிஸ்ட் அதன் உறவு; அது திரும்புகிற மூட்டு அல்லவா? பிடுங்குவதைக் குறிக்கும் ரெஸ்ட் ஓர் உறவு. 'தப்பு' என்று பொருள்படும் ராங்கூட அந்தக் குடும்பந்தான். நேராக இல்லாமல் கோணிப்போனது என்பதுதான் அதன் ஆதி அர்த்தம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஓசை செத்துப்போன ஒரு டபிள்யூ, குடும்ப அடையாளமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அழகான சமாசாரம். இதை ரசிக்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்து வீட்டுத் தோட்டத்தை ரசிப்பதற்குத் தன் வீட்டுத் தோட்டத்துக்குப் பட்டா இல்லை என்று சொல்ல வேண்டுமா?

நண்பரை எங்கள் கரிசல் காட்டில் ஒருநாள் தங்கவைத்தால் போதும். காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் அவர் எண்ணிக்கொண்டே வரட்டும்.

காட்டு வழியில் போகிறபோது பிஞ்சுக் கம்பங்கதிர் ஒன்றை ஒடித்து, உள்ளங்கையில் வைத்து, மற்ற கையால் தேய்க்கிறோமே, அது கசக்குவது. உமி பிரியும், ஊதிவிட்டு மணியை வாயில் போட்டுக்கொள்ளலாம். துளசியை மோந்து பார்க்க விரல்களுக்கு நடுவே உரசுவதும் கசக்குவதுதான். அழுக்குச் சட்டையைக் கல்லில் அடித்துத் துவைக்காமல் கையாலேயே அலசிப் போடுவதும் எங்கள் பக்கத்தில் கசக்குவதுதான். அழுகிற பிள்ளை கண்ணைக் கசக்கும். யாரும் கண்ணைப் பிழிய மாட்டார்கள்.

கசக்கின சட்டையைக் கொடியில் போடுவதற்கு முன்னால் முறுக்கிப் பிழிகிறோம். நண்பருக்கு அகப்படாமல் போன ரிங் இதோ இருக்கிறது! இங்கிலீஷ்காரன் ஒரே சொல்லில் அடக்கிய காரியத்தைத் தமிழன் இரண்டாகப் பிரித்துச் சொல்கிறான். துணியை முறுக்குகிறான், தண்ணீரைப் பிழிகிறான். எதற்கு என்ன நடக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. எங்கள் பக்கத்தில் பருத்திப்பால் காய்ச்சுவார்கள். பருத்திக்கொட்டையை ஊறவைத்து, ஆட்டி, துணியில் கட்டிப் பால் எடுத்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சுகிற பானம். அங்கேயும் முறுக்கப்படுவது துணி, பிழியப்படுவது பால், மிஞ்சுகிறது சக்கை. ஒரு காரியத்தில் மூன்று பெயர்.

மொச்சைக்கு வாருங்கள். ஊறவைத்த மொச்சையைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலுமாகப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு துள்ளித் தட்டில் விழும். இதைப் பிழிவது என்று சொன்னால் அடுப்படியிலிருந்து விரட்டிவிடுவார்கள். இது பிதுக்குவது. உள்ளே இருப்பது உருக்குலையாமல் முழுசாக வெளியே வர வேண்டும். சீழ் பிதுக்குவதும் அதனால்தான். பற்பசையைக் கண்டுபிடித்தவன் மேனாட்டான். ஆனால் அந்தக் குழாய் நம் வீட்டுக்கு வந்த நாளிலேயே நம் பெண்கள், யாரையும் கேட்காமல், அதைப் பிதுக்க ஆரம்பித்துவிட்டார்கள். சொல் தயாராக இருந்தது.

இஞ்சியை நசுக்குகிறோம். அது திரும்பவும் பழைய இஞ்சி ஆகாது. மாவைப் பிசைகிறோம், களியைப் பிசைகிறோம். வழி தெரியாத மனிதன் நின்றுகொண்டு கையைப் பிசைகிறான். பசி வந்தால் வயிற்றைப் பிசைகிறது. புல்லுருவும்போதும் கதிர் உருவும்போதும் மூடிய கைக்குள் தாள் வழுக்கிக்கொண்டு வருகிறது, அது உருவுவது. கழுத்தை நெரிக்கிறார்கள். கோழிக் கழுத்தைத் திருகுகிறார்கள். வாத்தியார் காதைத் திருகுகிறார். தூங்கி எழுந்தவன் சோம்பல் முறிக்கிறான். நாரைத் திரிக்கிறோம், திரித்ததை முறுக்கேற்றுகிறோம், முறுக்கேறின கயிற்றைப் பருத்திமார்க் கட்டைச் சுற்றிப் போட்டு இறுக்குகிறோம். பொய் சொல்கிறவனைக் 'கயிறு திரிக்கிறான்' என்கிறோம்.

முறுக்கு என்ற பலகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாவை அச்சில் போட்டு முறுக்குப் பிழிகிறோம். அச்சில்லாமல் விரலாலேயே செய்தால் கைமுறுக்குச் சுற்றுகிறோம். தமிழ்நாட்டில் எந்த அடுப்படியிலும் யாரும் முறுக்கை 'முறுக்குவது' இல்லை. இந்த வித்தியாசத்தை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக் கொடுக்கவில்லை. எட்டு வயசுப் பெண்பிள்ளைக்குத் தெரியும். எம்.ஏ. படித்த நண்பருக்குத் தெரியவில்லை.

இந்தச் சொற்களைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் நாலு கேள்விக்குப் பதில் சொல்கிறது. அழுத்துவது விரலா, உள்ளங்கையா, இரண்டு கையுமா? விசை நேராகப் போகிறதா, சுற்றிப் போகிறதா? வெளியே ஏதாவது வருகிறதா. வந்தால் சாறாக வருகிறதா, முழுசாக வருகிறதா? கடைசியாக, அந்தப் பொருள் பழையபடி ஆகுமா, ஆகாதா? பிசைந்த மாவு இன்னொரு தரம் உருட்டக் கொடுக்கும். கசக்கின காகிதத்தை நீவிவிடலாம், மடிப்புத் தெரியும். நசுக்கினது போனது போனதுதான். இவ்வளவையும் ஒரு வினைச்சொல்லுக்குள் வைத்திருக்கிற பாஷையைப் பார்த்து 'இரண்டே இரண்டு சொல்' என்று சொல்லுகிறவர் உட்கார்ந்திருக்கும் இடம் அகராதிக்குப் பக்கமாக இருக்கலாம். அடுப்படிக்குப் பக்கமாக இல்லை என்பது நிச்சயம்.

இங்கே இன்னொரு நண்பர் குறுக்கிடுவார். அவரையும் எனக்குத் தெரியும். புலவர். "இவையெல்லாம் கிராமத்துக் கொச்சை, இலக்கியத்துக்கு ஆகாது" என்பது அவர் கட்சி. சென்னை சர்வகலாசாலை 1924 முதல் 1936 வரை பாகம் பாகமாக வெளியிட்ட பேரகராதியைப் புரட்டிப் பார்க்கட்டும். பிழி, பிசை, கசக்கு, பிதுக்கு, நெரி, திருகு எல்லாம் அங்கே கௌரவமாக உட்கார்ந்திருக்கின்றன. பிழி என்ற சொல் நம் பழைய புலவர்களிடம் கள்ளுக்கே பெயராக இருந்திருக்கிறது. ஈராயிரம் வருஷத்துச் சொல்லை எங்கள் அத்தை பேசினால் கொச்சை. புலவர் மேற்கோள் காட்டினால் செந்தமிழோ?

அகராதியில் ஏறாத சொற்களும் உண்டு என்பது மெய்தான். அதற்கும் ஒருவர் பாடுபட்டார். கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன், ஒரு சர்வகலாசாலையும் சொல்லாமல், கரிசல் காட்டுப் பேச்சைச் சேர்த்து 1982-ல் ஒரு வட்டார வழக்குச் சொல்லகராதியே கொண்டுவந்தார். பள்ளிப் படிப்பை முடிக்காத சம்சாரி அவர். அந்தப் புத்தகம் வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. அதைத் திறந்து பார்க்காத மொழிபெயர்ப்பாளர் "தமிழில் சொல் இல்லை" என்று சொல்வது, கிணற்றில் வாளியை இறக்காமலே தண்ணீர் இல்லை என்று திரும்புகிற கதை.

மூன்றாவது கட்சி ஒன்று இருக்கிறது. எண்ணிக்கையில் அதுதான் பெரிது. நாமெல்லோரும் அதில் அங்கத்தினர். பண்ணு கட்சி. எலுமிச்சம்பழத்தை ஸ்க்வீஸ் பண்ணு; மூடியை ட்விஸ்ட் பண்ணு; காகிதத்தை க்ரஷ் பண்ணு. ஒரு 'பண்ணு' இருந்தால் தமிழின் வினைச்சொற்களையெல்லாம் வேலையை விட்டு நீக்கிவிடலாம். என்னைக் கட்டுப்பெட்டி என்று நினைத்துவிடாதீர்கள். கோவில்பட்டி நூற்பாலைத் தொழிலாளி ஒரு அங்குல நூலில் எத்தனை சுற்று ஏறியிருக்கிறது என்பதை 'ட்விஸ்ட்' என்று சொன்னால் எனக்கு ஆட்சேபணை இல்லை. யந்திரத்தோடு வந்த சொல் யந்திரத்தோடு இருக்கட்டும். அவனும்கூட, முறுக்குப் போதாவிட்டால் நூல் பிரிந்துபோகும், அதிகமானால் சுருண்டுகொண்டு அறும் என்பதைத் தமிழிலேதான் விளக்குவான். புதுப் பொருளுக்குப் புதுச் சொல் வாங்குவது வியாபாரம். வீட்டில் இருக்கிற சொல்லைக் குப்பையில் போட்டுவிட்டுக் கடன் வாங்குவது ஊதாரித்தனம்.

"சரி ஐயா, மொச்சையைப் பிதுக்கினால் என்ன, பிழிந்தால் என்ன? குடியா முழுகிவிடும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதுவரைக்கும் நான் சொன்னதெல்லாம் ருசி சம்பந்தப்பட்ட விஷயம். குடி முழுகுகிற இடத்துக்கு இனிமேல்தான் வருகிறேன்.

தமிழ் வினைச்சொற்களில் பல இரட்டைப் பிள்ளைகள். கசங்கு என்றால் கசக்கு. நசுங்கு என்றால் நசுக்கு. பிதுங்கு என்றால் பிதுக்கு. முறிந்தது, முறித்தான். நெரிந்தது, நெரித்தான். முதலாவது தானாக நடப்பது; இரண்டாவது ஒருவன் செய்வது. இங்கிலீஷில் ட்விஸ்ட் என்ற அதே சொல்லே கயிறு தானாக முறுக்கிக்கொண்டதற்கும் ஆகும், ஒருவன் முறுக்கியதற்கும் ஆகும். தமிழில் ஒரு மெய்யெழுத்து மாறினால் போதும், குற்றவாளி வாக்கியத்துக்குள்ளே வந்து நின்றுவிடுவான். அதே எழுத்தைத் திருப்பி மாற்றினால் சத்தமில்லாமல் வெளியே போய்விடுவான்.

சில வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் ஒரு பெண். தீப்பெட்டி ஒட்டிப் பிழைக்கிறவள். கூலிப் பாக்கியைக் கேட்கப் போன இடத்தில் பேச்சு முற்றி, அவள் வலது கை முறிந்துபோயிற்று. மனுக் கொடுக்க நான் துணைக்குப் போனேன். எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை; நம் நாட்டில் அது எந்த அலுவலகமாகவும் இருக்கலாம். அவள் சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் நிற்கிறது: "கையைப் பின்னுக்குத் திருகி முறிச்சுட்டான் ஸார்." மேஜைக்குப் பின்னால் இருந்தவர் எழுதிக்கொண்டார். வாசித்துக் காட்டினார். "வாய்த்தகராறின்போது மனுதாரரின் வலது கை முறுக்கிக்கொண்டு முறிந்துவிட்டது."

"அப்படி அவள் சொல்லவில்லையே" என்றேன்.

"எல்லாம் ஒண்ணுதானே ஸார். கை முறிஞ்சிருக்கு, எழுதியிருக்கேன்."

ஒன்றா? அவள் வாயில் அவன் இருந்தான். அவர் காகிதத்தில் அவன் இல்லை. அவள் வாக்கியத்தில் திருகினவன், முறித்தவன் ஒருவன் உண்டு. அவர் வாக்கியத்தில் ஒரு கை இருக்கிறது. அது என்னவோ தனக்குத் தானே முறுக்கிக்கொண்டது. பிறகு போனால் போகிறதென்று முறிந்துவிட்டது. அந்த மனிதர் லஞ்சம் வாங்கிக்கொண்டு அப்படி எழுதினார் என்று நான் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது. அதுதான் பயங்கரம். கெட்ட எண்ணம் இருந்தால் எதிர்த்துச் சண்டை போடலாம். காது மழுங்கிப்போனவரோடு எப்படிச் சண்டை போடுவது? அரை மணி நேரம் வாதாடி, காகிதத்தை மாற்றி எழுத வைத்தோம். அவள் இடது கையால் பெயர் எழுதினாள். நான் கூடப் போகாவிட்டால் முதல் காகிதத்தின் கீழேயே எழுதியிருப்பாள்.

இதை ஒரு தெருத் தகராறு என்று ஒதுக்க வேண்டாம். சரித்திரத்திலே இதற்குப் பெரிய முன்னோடி உண்டு.

கம்பெனி ஆட்சியின் கடைசிக் காலத்தில், சென்னை ராஜதானியில் நிலவரி வசூலிப்பதற்குக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று லண்டன் பார்லிமெண்டில் 1854-ல் பேச்சு எழுந்தது. விசாரிக்க ஒரு கமிஷன் போட்டார்கள். எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூன்று பேர். ஆயிரத்துக்கு மேற்பட்ட புகார்கள் குவிந்தன. நெடுந்தொலைவிலிருந்து சென்னைப் பட்டணத்துக்கே வந்து நேரில் முறையிட்டவர்கள் உண்டு. 1855-ல் அறிக்கை வெளியாயிற்று. சித்திரவதை நடப்பது உண்மைதான் என்று கமிஷனே ஒப்புக்கொண்டது.

அந்த அறிக்கையில் இரண்டு தமிழ்ச் சொற்கள் அப்படியே இங்கிலீஷ் எழுத்தில் நிற்கின்றன. ஒன்று அண்ணாந்தாள்: ஆளைக் குனியவைத்து, கழுத்துக்கு மேலாகவும் கால் கட்டைவிரலுக்குக் கீழாகவும் துணியையோ கயிற்றையோ மாட்டிக் கட்டி, வெயிலில் விடுவது. மற்றொன்று கிட்டி. இரண்டு மரச் சட்டங்களுக்கு நடுவே விரலையோ தொடையையோ காதையோ வைத்து நெருக்குகிற கருவி. கிட்டத்தில் கொண்டுவருவதால் அது கிட்டி. ஜன்னி கண்டவனுக்குப் பல் கிட்டிக்கொண்டது என்கிறோமே, அந்தக் கிட்டுதல். இங்கிலீஷ் வாசகனுக்கு இதை எப்படி விளங்கவைப்பது? கமிஷன்காரர்கள் யோசித்துப் பார்த்து, எலுமிச்சம்பழம் பிழிகிற கருவியைப் போல இருக்கும் என்று எழுதினார்கள்.

என் நண்பர் கவனிக்க வேண்டும். ட்விஸ்ட், ஸ்க்வீஸ், ரிங், ரெஞ்ச் அத்தனையும் கையில் வைத்திருந்தவர்கள் அந்த மூன்று பேரும். அப்படியிருந்தும் எங்கள் குடியானவன் மேல் நடந்ததைச் சொல்ல அவர்களுக்குத் தமிழ்ச் சொல் தேவைப்பட்டது. விட்டுவிட்டு இங்கிலீஷில் மட்டும் சொல்லப் போனால் எலுமிச்சம்பழம்தான் அகப்பட்டது! அவர்களை நான் பரிகசிக்கவில்லை. அந்தச் சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டார்களே, அந்த நாணயத்துக்குத் தலை வணங்குகிறேன். 'ஒருவகை அழுத்தம் கொடுக்கப்பட்டது' என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் இன்றைக்கு நமக்கு என்ன தெரியும்?

ஆனால் அதே அறிக்கை இன்னொரு காரியமும் செய்தது. கிட்டி பூட்டினவர்கள் சுதேசிச் சிப்பந்திகள். வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று தீர்த்துவைத்தது. விரல் நெரிந்ததற்கு ஆள் அகப்பட்டான். இவ்வளவு வரி வந்தே தீர வேண்டும் என்று மேலே இருந்து இறுக்கினவன் வாக்கியத்தைவிட்டு வெளியேறிவிட்டான். காரல் மார்க்ஸ் 1857-ல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இந்த அறிக்கையை எடுத்துப் பேசியதற்குக் காரணம் இருக்கிறது. அவர் தேடினதும் அந்த வினைக்கு உரிய எழுவாயைத்தான்.

இங்கிலீஷில் சித்திரவதைக்குப் பெயர் டார்ச்சர். மிரட்டிப் பணம் பறிப்பதற்குப் பெயர் எக்ஸ்டார்ஷன். இரண்டுமே லத்தீனில் 'முறுக்கு' என்ற ஒரே வேரிலிருந்து பிறந்தவை. முறுக்குவது, முறுக்கி வெளியே எடுப்பது. சொல்லைத் திரிப்பதற்கும் அதே வேரிலிருந்து ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். உடம்பை முறுக்குகிறவன், பணத்தைக் கறக்கிறவன், பேச்சைத் திரிக்கிறவன் மூவரும் ஒரே தொழில் செய்கிறவர்கள் என்று அந்தக் காலத்து ரோமாபுரிக்காரனுக்கே தெரிந்திருக்கிறது. நமக்குத் தெரியாமல் போகலாமா?

நம் பாஷையில் இன்னும் ஒரு விசேஷம் இருக்கிறது. பிழி, பிசை இரண்டுக்கும் பேச்சு வழக்கில் இரட்டைப் பிள்ளை கிடையாது. துணி தானாகக் கசங்கும், தானாக நசுங்கும், ஆனால் எந்தத் துணியும் தானாகப் பிழியாது. பிழி என்று சொல்லிவிட்டால் பிழிகிற கை ஒன்று இருந்தே ஆக வேண்டும். ஆகையினால்தான் பத்திரிகைகளில் 'மக்கள் வாழ்வு நசுங்குகிறது', 'விவசாயி நெருக்கடியில் சிக்கித் தவிக்கிறான்' என்றெல்லாம் படிக்கிறபோது எனக்கு உறுத்துகிறது. எங்கள் ஊர்ச் சம்சாரி அப்படியா பேசுகிறான்? "கசக்கிப் பிழியுதானுக" என்கிறான். யார் என்று கேட்டால் பெயர் சொல்லுவான். அவன் இலக்கணம் சுத்தமாக இருக்கிறது. நம்முடையதுதான் நசுங்கிக் கிடக்கிறது. இல்லை, இல்லை, நாம்தான் நசுக்கி வைத்திருக்கிறோம்.

நானும் யோக்கியன் இல்லை. என் ஆரம்ப காலக் கதை ஒன்றில் 'அவள் வாழ்க்கை கசங்கிப்போனது' என்று எழுதி, அது கவித்துவமாக இருக்கிறது என்று பூரித்துப்போனேன். இப்போது படித்தால் கூசுகிறது. அந்தக் கதையில் அவளைக் கசக்கினவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். மூவரையும் நானே தப்பவிட்டிருக்கிறேன்.

காலம் மாறுகிறது, தொழில் போனால் சொல்லும் போகும் என்று சொல்வீர்கள். ஒப்புக்கொள்கிறேன். கமலை போயிற்று, கமலையோடு அதன் உறுப்புகளின் பெயர்களும் போயின. அதற்காக நான் ஒப்பாரி வைக்கவில்லை. ஆனால் கை போகவில்லையே! இன்றைக்கும் பெண்கள் துணியை முறுக்குகிறார்கள். குழந்தைகள் காகிதத்தைக் கசக்குகிறார்கள். இன்றைக்கும் ஒருவன் இன்னொருவன் கையை முறிக்கிறான். காரியம் இருக்கிறபோது சொல் மட்டும் ஏன் போக வேண்டும்? இப்போது கைப்பேசியே ஒரு நொடியில் மொழிபெயர்த்துக் கொடுத்துவிடுகிறது. அதற்குக் கற்றுக்கொடுக்கப் போகிறவையும் நாம் எழுதி வைத்த புத்தகங்கள்தான். 'கைகளைப் பிழிந்தாள்' என்று நாம் அச்சில் போட்டால், நாளைக்கு அதுவும் லட்சம் தடவை கையைப் பிழியும்.

ஆகவே எழுதுகிற நண்பர்களுக்கு என் வேண்டுகோள் சின்னது. வினைச்சொல் வந்ததும் பேனாவைக் கொஞ்சம் நிறுத்துங்கள். உங்கள் கையாலேயே அந்தக் காரியத்தைக் காற்றில் ஒருமுறை செய்து பாருங்கள். விரல் எப்படி மடங்குகிறது என்று பார்த்தால் சொல் தானாக வரும். வராவிட்டால் அடுப்படிக்குப் போய்க் கேளுங்கள். அப்புறம் எழுவாயைத் தேடுங்கள். ஏதாவது நசுங்கியிருந்தால் நசுக்கினது யார் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். மனு எழுதுகிறவர்களுக்கும், மனு வாங்குகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

நாவலின் அந்தப் பக்கத்தில் 'பிழிந்தாள்' என்பதைப் பென்சிலால் அடித்து, 'பிசைந்தாள்' என்று எழுதி, அத்தைக்கு மறுபடியும் வாசித்துக் காட்டினேன்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. மடியில் கிடந்த தன் கைகளையே மங்கின கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா காலரா கண்டு போன அன்றைக்கு அவளுக்கு வயசு இருபத்திரண்டு.

"பாவம்" என்றாள். "மேலே படி மருமகனே. பொறவு அவளுக்கு யாரு துணை?"